பனிப்பாறை என்றொரு பிழை

போன சித்திரையில் சுவாமிமலைக்குப் போயிருந்தபோது சித்தப்பா எனக்கு ஓர் அறிவியல் சோதனை செய்து காட்டினார். எவர்சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த நான்கு ஐஸ் கட்டிகள், பிறகு விளிம்பு வரைக்கும் மறுபடி தண்ணீர். டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, "பாத்துக்கிட்டே இரு" என்றார். அடிக்கிற வெயிலுக்குக் கட்டிகள் கொஞ்ச நேரத்தில் கரைந்துபோயின. ஒரு சொட்டுகூட வழியவில்லை.

"பாத்தியா தம்பி? பனிப்பாறை உருகுது, கடல் மட்டம் ஏறுது, நாகப்பட்டினம் முழுகப்போவுதுன்னு பேப்பர்ல தெனம் எழுதுறான். ஐஸ் உருகினா தண்ணி எங்கடா ஏறுது? நீ இஞ்சினியருதானே, சொல்லு."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மகளை வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். அங்கே கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஆறு மா நிலம் மலிவாக வருகிறது. வாங்கலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டம்ளர் சோதனை அந்தப் பேச்சுக்கான ஆதாரம்.

சோதனையில் குறையே இல்லை. மிதக்கும் பனிக்கட்டி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டது. உருகியபின் அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்ளும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். முடிவு மட்டும் தப்பு. கடலை உயர்த்துவது மிதக்கும் பனி அல்ல, நிலத்தின் மேல் கிடக்கும் பனி. இதைச் சொன்னபோது சித்தப்பா பேப்பரை எடுத்துக் காட்டினார். அதில் "பனிப்பாறை" என்றுதான் இருந்தது. டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை, இமயமலையில் உருகுவதும் பனிப்பாறை. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சொல்லைப் போட்டவர் மேல் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்திலிருந்து எழுதப்படுகிறது.

*

இரண்டும் ஒன்றல்ல. மலையில் ஆண்டுக்கணக்கில் விழும் பனி ஒன்றின் மேல் ஒன்று அமுங்கிக் கட்டியாக இறுகி, தன் எடையாலேயே சரிவில் கீழ்நோக்கி நகரத் தொடங்கும்போது அது கிளேசியர் ஆகிறது. நகர்வதுதான் அதன் அடையாளம். நகராமல் கிடந்தால் அது வெறும் பனிக்குவியல். அப்படி நகர்ந்து வருவது கடலில் போய் முடிந்தால், அதன் முனை உடைந்து தண்ணீரில் மிதந்து போகும். மிதந்து போகும் அந்தத் துண்டுதான் ஐஸ்பெர்க். 1912இல் டைட்டானிக்கைக் கவிழ்த்த துண்டு, கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் கடலில் முடியும் ஏதோ ஒரு கிளேசியரிலிருந்து பிறந்தது என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள். ஒன்று தாய், மற்றது பிள்ளை. தமிழ்ச் செய்தி மொழி இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டது.

என் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பணப் பரிமாற்ற நிரலில் "பேலன்ஸ்" என்று ஒரே பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று கணக்கில் கிடக்கும் தொகை, மற்றது எடுக்கக்கூடிய தொகை. எழுதியவருக்கு வித்தியாசம் தெரியும். அவருக்குப் பின் வந்தவர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் இரவும் பகலும் உட்கார்ந்துதான் பிழையைக் கண்டுபிடித்தோம். நிரலின் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. பெயர் மட்டும்தான் தப்பு. சித்தப்பாவின் டம்ளரும் அதே ரகம். ஒவ்வொரு படியும் சரி, நடுவில் ஒரு பெயர் தப்பு.

ஐஸ்பெர்க் என்பதைப் பனிப்பாறை என்று சொல்வதில் எனக்கு வழக்கில்லை. அந்தச் சொல்லே டச்சு மொழியில் "பனிமலை" என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மலை பாறையானது தமிழின் உரிமை. ஆனால் கிளேசியரைப் பாறை என்று சொல்வது, காவிரியைக் குட்டை என்று சொல்வதற்குச் சமம். அதன் முதல் குணத்தையே பெயர் மறுக்கிறது.

*

"கிளேசியர் என்ற சொல்லில் மட்டும் ஓட்டம் இருக்கிறதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லை. லத்தீனில் பனிக்கட்டிக்கு "கிளாசியஸ்". அதிலிருந்து ஆல்ப்ஸ் மலையின் சவாய் பகுதிக் கிராமத்து வழக்கில் பனி கிடக்கும் இடத்துக்கு ஒரு பெயர் உண்டாகி, பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்குப் போனது. சொல்லுக்குள் பனி மட்டும்தான் இருக்கிறது. காரணம், அந்தச் சொல்லைக் கடன் வாங்கிய படித்தவர்களுக்கு அது நகர்கிறது என்பது சரியாகத் தெரியாது. 1741இல் ஷாமொனி பள்ளத்தாக்குக்குப் போன ஆங்கிலேயர்கள், காற்றில் கொந்தளித்த ஏரி அப்படியே உறைந்து நின்றதுபோல இருந்தது என்று எழுதினார்கள். அந்த இடத்துக்கு இன்றும் "பனிக்கடல்" என்றுதான் பிரெஞ்சில் பெயர். உறைந்து நிற்கும் கடல்!

ஊர்க்காரர்களுக்கு மட்டும் முன்பே தெரியும். அவர்கள் வயலை நோக்கி அது வந்துகொண்டிருந்தது. 1644இல் ஆயரை அழைத்துவந்து, பனியின் முனைக்கு முன்னால் ஊர்வலமாகப் போய் ஜெபித்து, அதைப் பின்வாங்கச் சொன்னார்கள். நிற்கிற பாறையிடம் யாரும் பின்வாங்கச் சொல்லி வேண்டிக்கொள்வதில்லை.

படித்தவர்கள் அளந்து நம்புவதற்கு இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. 1827இல் சுவிட்சர்லாந்தின் உன்டரார் பனியின் மேல் ஹூகி என்பவர் ஒரு குடிசை போட்டார். 1840 வாக்கில் அந்தக் குடிசை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே போயிருந்தது. 1842இல் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் ஷாமொனியில் குறிகளை நட்டு, நாள்தோறும் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். ஆற்றில் நடு நீரோட்டம் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் போவதுபோலவே, பனியிலும் நடுப்பகுதி ஓரத்தைவிட வேகமாகப் போனது. 1820இல் மோன் பிளான் மலையேற்றத்தில் பனிச்சரிவில் சிக்கி மூன்று வழிகாட்டிகள் வெடிப்புக்குள் விழுந்து மறைந்திருந்தார்கள். சுமார் நாற்பது ஆண்டுகளில் அவர்கள் உடல்கள் அடிவாரத்தில் வெளிவரும் என்று ஃபோர்ப்ஸ் கணக்குச் சொன்னார். 1861இல் வெளிவரத் தொடங்கின.

இந்தக் கணக்கு நம் நாட்டிலும் உண்டு. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நோக்கிப் பறந்த விமானப்படையின் ஏஎன்-12 விமானம் 102 பேருடன் ரோதாங் பகுதியில் காணாமல் போனது. 2003இல் மலையேறிகள் முதல் தடயத்தைக் கண்டார்கள். அதன்பின் பல தேடுதல்களில் ஒருவர் இருவராகக் கிடைத்தார்கள். 2024 செப்டம்பரில், 56 ஆண்டுகள் கழித்து, இன்னும் நான்கு பேரின் உடல்கள் கிடைத்தன. புதைந்ததைப் பனி மெதுமெதுவாகச் சுமந்துவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பாறைக்குள் சிக்கியவர்கள் என்று படித்தால் இது அதிசயம்போல இருக்கும். ஆறு கொண்டுவந்து ஒதுக்கியது என்று படித்தால் புரிந்துவிடும்.

*

கெட்டியான பொருள் எப்படி ஓடும் என்று கேட்பவர்கள் எங்கள் ஊருக்கு வரலாம். சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் முதலில் மெழுகில் சிலை செய்வார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு. கையில் எடுத்தால் கெட்டி, தட்டினால் உடையும். ஆனால் செய்த உருப்படியை அவ்வப்போது தண்ணீரில் போட்டு இறுக வைக்காவிட்டால், சித்திரை வெக்கையில் தன் எடைக்கே தொய்யத் தொடங்கிவிடும். உருகவில்லை, சொட்டவில்லை; ஆனாலும் நகர்ந்துவிட்டது. உருகுநிலைக்கு அருகில் இருக்கும் எந்தத் திடப்பொருளும் போதுமான எடையும் நேரமும் கிடைத்தால் இப்படித்தான் செய்யும். இயற்கையில் பனிக்கட்டி எப்போதும் தன் உருகுநிலைக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது. அதனால் அடியில் உள்ள பனி மேலே உள்ள பனியின் எடைக்கு வளைந்துகொடுத்து நகர்கிறது. சில இடங்களில் அடிப்பாறையின் மேல் வழுக்கியும் போகிறது. ஆண்டுக்குச் சில மீட்டரும் போகலாம், சில நூறு மீட்டரும் போகலாம். கிரீன்லாந்தின் யாகோப்ஸ்ஹாவன் 2012 கோடையில் ஒரு நாளைக்கு 46 மீட்டர் வரை போனது.

ஆக, ஐரோப்பியர்கள் பெயரை முதலில் வைத்துவிட்டு, ஓட்டத்தைப் பிறகு கண்டுபிடித்தார்கள். பிறகு வந்த மொழிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சீனத்திலும் ஜப்பானியத்திலும் இதற்குப் பனி-ஆறு என்ற பொருளில்தான் பெயர். இந்தியில் ஹிம்நத், கன்னடத்தில் ஹிமநதி, தெலுங்கில் ஹிமானீநதம். அத்தனை பேரும் ஆறு என்றே வைத்தார்கள். தாமதமாக வந்ததில் கிடைத்த லாபம் அது.

தமிழுக்கு மட்டும் அந்த லாபம் கிடைக்கவில்லையா? கிடைத்தது. அதுதான் எரிச்சல். "பனியாறு" என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்த ஒவ்வொரு பிள்ளையும் பனியாறு உண்டாக்கும் நிலத்தோற்றங்களை வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் வளர்ந்து செய்தி அறையில் உட்கார்ந்து, ஆங்கிலச் செய்தியைப் பார்த்து, "பனிப்பாறை" என்று தட்டுகிறார். தேர்வுக்கு ஒரு தமிழ், பிழைப்புக்கு ஒரு தமிழ். பாடப்புத்தகத்துச் சொல்லைப் பழைய நோட்டுப் புத்தகத்தோடு எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

*

எதிர்வாதங்களைப் பார்ப்போம். நண்பர்களிடம் பேசியபோது நான்கு வந்தன.

முதலாவது, "பேசாம கிளேசியர்னே எழுதிட்டுப் போங்களேன்." கடன்சொல் மேல் எனக்கு ஒவ்வாமை கிடையாது. சர்வர், பஸ், ஐஸ் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் பஸ் என்ற சொல் தமிழில் நிலைத்ததற்குக் காரணம், பஸ் கண்ணெதிரே வந்து நின்றது. பொருளே சொல்லுக்கு விளக்கம். சித்தப்பா வாழ்நாளில் கிளேசியரைப் பார்த்ததில்லை; நானும் பார்த்ததில்லை. பொருளைப் பார்க்க முடியாத இடத்தில் சொல்தான் பார்வை தர வேண்டும். "கிளேசியர்" என்பதைக் கேட்டால் சித்தப்பாவுக்கு ஒன்றும் தோன்றாது. "பனியாறு" என்றால், காவிரிக்கரையில் பிறந்தவருக்குப் பாதி விஷயம் சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது, "பனின்னா நம்ம ஊர்ல மார்கழிப் பனிதானே?" உண்மைதான். முன்பனி, பின்பனி என்று பருவமே பிரித்த மொழி இது. நம் பனி புல் நுனியில் நிற்கும், கண்ணில் துளிர்க்கும், உடம்பை நடுங்கவைக்கும், மலையை மூடாது. வானத்திலிருந்து கட்டியாக விழுந்ததை ஆலி என்றும் ஆலங்கட்டி என்றும் தனியாகத்தான் சொன்னோம். ஆனால் அதே மொழிதான், இமயத்தை ஒருமுறைகூடப் பார்க்காத புலவர்கள் காலத்திலேயே, வடக்கு எல்லையில் பனி படிந்த மலை என்று புறநானூற்றில் பாடியிருக்கிறது. பனி என்ற சொல் அப்போதே அவ்வளவு தூரம் போய்விட்டது. இப்போது திருப்பி அழைக்க வேண்டியதில்லை. இந்தச் சந்தேகம் பனிப்பாறைக்கும் பொருந்துமே! பனிப்பாறை என்று கேட்டு யாரும் மார்கழிப் பனியில் நனைந்த பாறையை நினைப்பதில்லை.

மூன்றாவது, "அண்டார்டிகாவுல இருக்கறது ஆறு மாதிரியா இருக்கு? கண்டம் பூரா போர்வை மாதிரி கிடக்கு." சரி. அதற்குப் பனிவிரிப்பு என்றோ கண்டப் பனியாறு என்றோ இன்னொரு சொல் வைத்துக்கொள்வோம். அந்த விரிப்பும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு சொல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். தன் சுமையைத் தப்பாமல் சுமந்தால் போதும்.

நான்காவதுதான் கொஞ்சம் கடுமையானது. "உங்க ஊருக்கு சுவாமிமலைன்னு பேரு. அங்க மலையே கிடையாது. கட்டுமலை, அறுபது படி. பேர்ல என்னய்யா இருக்கு?" சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் மலை இல்லை என்பது உண்மை. ஆனால் மலை என்று நம்பி யாரும் அங்கே அணை கட்டவில்லை, வெள்ள எச்சரிக்கை விடவில்லை, நிலம் வாங்கவில்லை. அறுபது படி ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத பெயர். பனிப்பாறை அப்படிப்பட்ட பெயர் இல்லை.

*

நஷ்டம் எப்படி வருகிறது என்பதற்கு 2021ஐப் பார்க்கலாம். பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரிஷிகங்கா பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். தபோவனில் நீர்மின் திட்டச் சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்களும் அதில் அடக்கம். "பனிப்பாறை உடைந்து வெள்ளம்" என்று தமிழில் தலைப்பு ஓடியது. ஆங்கிலத்திலும் அன்று கிளேசியர் வெடித்தது என்றுதான் எழுதினார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அடுத்த சில நாட்களில் விவாதம் தொடங்கி, ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் திருத்தினார்கள். ரோன்டி சிகரத்தின் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்திருந்தன. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உண்மையான பாறை, ஒரு பங்குதான் பனி. விழுந்த வேகத்தில் பனி உருகிச் சேறும் வெள்ளமுமாக இறங்கியது.

இந்தத் திருத்தத்தைத் தமிழில் எழுத முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். "உடைந்தது பனிப்பாறை அல்ல, பனி ஒட்டியிருந்த பாறை." வாசகர் குழம்பிப் பக்கத்தைத் திருப்புவார். கிளேசியருக்குப் பாறை என்று பெயர் வைத்துவிட்டதால், நிஜமான பாறை பெயர்ந்து விழும்போது சொல்வதற்குச் சொல் மிச்சமில்லை.

இதில் அரசியலும் உண்டு. பாறை உடைவது விதி. யார் என்ன செய்ய முடியும்? ஆற்றுக்கு அப்படியில்லை. ஆறு என்றால் டெல்டாக்காரர் உடனே கணக்குக் கேட்பார்: வரத்து எவ்வளவு, போக்கு எவ்வளவு, குறுக்கே யார் என்ன கட்டினார்கள், கரையோரம் யார் குடியேற்றியது? மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் காபியோடு சேர்த்துப் படிக்கும் ஜனங்கள் நாங்கள். பனியாறு என்று சொல்லிப்பாருங்கள், அதே கேள்விகள் தானாக எழும். மேலே பனி சேரும் இடம் அதன் தலைமடை, கீழே உருகும் இடம் கடைமடை. வரத்தைவிட உருகுவது அதிகமானால் முனை பின்வாங்குகிறது. உருகிய நீர் முனைக்குக் கீழே தேங்கினால் பனியாற்று ஏரி. ஏரிக்கரை உடைந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனக் ஏரி உடைந்து, டீஸ்டா ஆற்றில் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. பனியாறு என்று சொல்லிப் பழகியிருந்தால், அந்த அணைக்கு மேலே என்ன ஏரி இருந்தது, தெரிந்துதானே கட்டினார்கள் என்று தமிழ் வாசகரும் கேட்டிருப்பார்.

"காவிரிக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காவிரியில் பனியாற்று நீர் ஒரு சொட்டும் கிடையாது; அது மேற்குத் தொடர்ச்சி மலை மழையின் பிள்ளை. ஆனால் அது போய்ச் சேரும் கடல் எல்லோருக்கும் பொது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர், அதில் கடல் சூடாகி விரிவதைவிடப் பனியாறுகளும் பனிவிரிப்புகளும் கொண்டுவந்து கொட்டும் நீரின் பங்கு அதிகம். இமயத்துப் பனியாறு எங்கள் தலைமடைக்கு வராது. கடைமடைக்கு, உப்பாக, வரும்.

*

சித்தப்பாவுக்கு நானும் ஒரு சோதனை செய்து காட்டினேன். ஒரு சின்னக் குண்டானில் செங்கல் துண்டு ஒன்றை நிறுத்தி, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த செங்கல்லின் தலையில் நான்கு ஐஸ் கட்டிகளை அடுக்கினேன். "இது இமயமலை, இது கிரீன்லாந்து, எது வேணும்னாலும் வெச்சுக்குங்க." கட்டிகள் உருகி, செங்கல்லில் வழிந்து, குண்டானில் இறங்கி, விளிம்பைத் தாண்டித் திண்ணையில் ஓடின. சித்தப்பா காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது மலை மேல கெடந்து எறங்கி வர்றது. அது தண்ணியில மிதக்கறது. ரெண்டுக்கும் ஒரே பேரு எதுக்குடா வெச்சான்?" என்றார்.

"வெக்கல சித்தப்பா. வேற பேரு இருக்கு. பனியாறு."

"அப்ப ஆறுன்னே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே!"

அப்பனுக்கே ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்ன பிள்ளை குடியிருக்கும் ஊர் எங்களுடையது. ஆனால் இந்த முறை பொருளைச் சரியாகப் பிடித்தவர் பெரியவர்தான். அந்த ஆறு மா நிலத்தை வாங்குவதா இல்லையா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வாங்கினாலும் வாங்குவார், மகள் பக்கத்தில் நிலம் வேண்டும் என்பதும் ஒரு நியாயம்தான். ஆனால் டம்ளரைக் காட்டி வாங்க மாட்டார்.

செய்தி அறைகளில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. புதுச்சொல் உண்டாக்கச் சொல்லவில்லை, குழு போடச் சொல்லவில்லை. கடலில் மிதந்தால் பனிப்பாறை. நிலத்தில் நகர்ந்தால் பனியாறு. எது என்று தெரியாவிட்டால் ஒரு நிமிடம் நின்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் ஏற்கெனவே எழுதி மதிப்பெண் வாங்கிய விடைதான்.